சர்க்கரை உள்ளவருக்கு டயட் குளிர்பானமா, சாதாரணக் குளிர்பானமா?

கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போது இலையின் மேல் கையை விரித்து மறுத்துவிடுகிறவர்கூட, பந்தி முடிந்து வெளியே வந்ததும் நீட்டப்படும் குளிர்பானத்தின் முன்னால் சற்றுத் தயங்கி நிற்கிறார். அந்தத் தயக்கத்திலிருந்துதான் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. "டயட் என்று போட்டிருக்கிறதே, சர்க்கரை இருப்பவர்கள் குடிக்கலாமா?" என்பது முதல் கேள்வி. "டயட்டில் இருப்பதெல்லாம் ரசாயனம் என்கிறார்கள், புற்றுநோய் வரும் என்றுகூடச் சொல்கிறார்கள், அதைவிடச் சாதாரணக் குளிர்பானத்தையே அரை டம்ளர் குடித்துவிட்டால் என்ன?" என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் அந்த எண்ணம், நடைமுறையில் பலரின் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய நிலையில் இருக்கிறார்கள். எனவே இது ஒரு சிலரின் ஐயமாக இல்லாமல், ஏறக்குறைய எல்லா வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் முன்பும் எழுகிற கேள்வியாகிவிட்டது.

## எதை வைத்து எடை போடுவது

இரண்டு பானங்களையும் நான்கு அளவுகோல்களால் எடை போடலாம். குடித்த இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பது முதலாவது. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் குடித்துவந்தால் உடல் எடை, இன்சுலினுக்கு உடல் கட்டுப்படும் தன்மை, கல்லீரல் ஆகியவை என்ன ஆகின்றன என்பது இரண்டாவது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் வேளையில் அந்தப் பானம் கைகொடுக்குமா என்பது மூன்றாவது. பலரும் மறந்துவிடுவது இதைத்தான். பல், சிறுநீரகம், தூக்கம், பானத்தோடு சேர்த்துத் தின்பவை என்று வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத செலவுகள் நான்காவது.

இவை நான்கும் எல்லோருக்கும் ஒரே கனம் உடையவை அல்ல. இன்சுலின் போடுகிறவருக்கு முதலும் மூன்றும் இன்றைய கவலைகள். சர்க்கரை இன்னும் வராத, ஆனால் தாய் தந்தை இருவருக்கும் இருக்கிற முப்பது வயதுக்காரருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

## சாதாரணக் குளிர்பானம்

கோலா வகைப் பானங்களில் 100 மில்லிலிட்டருக்கு 10 முதல் 11 கிராம் வரை சர்க்கரை இருக்கிறது. 300 மில்லிலிட்டர் குடித்தால் 30 கிராமுக்கு மேல், அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல் சீனி உள்ளே போகிறது. பிறந்தநாளுக்கு வாங்கும் இரண்டேகால் லிட்டர் பெரிய பாட்டிலில் கரைந்திருப்பது கால் கிலோவை நெருங்கும்.

இந்தக் கணக்கு எண்ணாக இருக்கும்வரை மனத்தில் தைப்பதில்லை. அதனால் ஒரு நாள் 300 மில்லிலிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக் குடித்துப் பார்த்தேன். மூன்றாவது வாயில் குமட்டியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதே அளவு இனிப்பு குளிர்பானத்தில் இருந்தும் நாம் ஒரே மூச்சில் குடிக்க முடிவதற்குக் காரணம், அமிலத்தின் புளிப்பும், வாயு நாக்கில் சுரீரென்று தைப்பதும், பனிக்குளிர்ச்சியும் சேர்ந்து இனிப்பை மறைத்துவிடுவதுதான். மூடியைத் திறந்து வாயு போகவிட்டு, வெயிலில் சூடேறிய கோலாவை ஒரு வாய் குடித்துப் பார்ப்பவருக்கு அது வெறும் பாகு என்பது புரிந்துவிடும்.

உடலுக்குள் போனபின் நடப்பதைப் புரிந்துகொள்ள இன்னொரு கணக்கு உதவும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று இருக்கும்போது, அந்த ஐந்து லிட்டர் முழுவதிலும் சேர்த்து இருக்கும் குளுக்கோஸ் ஐந்து கிராம்தான். ஒரே ஒரு தேக்கரண்டி. அந்த ஒரு தேக்கரண்டியை அப்படியே வைத்திருக்கத்தான் கணையமும் கல்லீரலும் இரவும் பகலும் உழைக்கின்றன. அங்கே ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, மெல்ல வேண்டிய தேவையோ, நார்ச்சத்தின் தடையோ, புரதத்தின் தாமதமோ எதுவுமில்லாமல் தண்ணீரில் கரைந்த நிலையில் வந்து இறங்குகிறது. மூன்று நான்கு இட்லியிலும் ஏறக்குறைய அதே அளவு மாவுச்சத்து இருக்கலாம். ஆனால் இட்லி சாம்பாரோடு மெதுவாகச் செரித்து ஏறுகிறது, குளிர்பானமோ அரைமணி, முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. நலமாக இருப்பவரின் கணையம் உடனே இன்சுலினைச் சுரந்து அந்த ஏற்றத்தை அடக்கிவிடும். நீரிழிவு உள்ளவரிடம் இன்சுலின் போதாது, அல்லது இருக்கிற இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாது; ஆகவே ஏறியது இறங்க மணிக்கணக்காகும்.

இனி அந்த "அரை டம்ளர்" வாதத்தைப் பார்க்கலாம். சர்க்கரை அபாயகரமாக இறங்கிப்போன நோயாளிக்கு மருத்துவர்கள் உடனடியாகக் கொடுக்கச் சொல்வது 15 கிராம் சர்க்கரை. அது ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் சாதாரணக் கோலாவில் இருக்கிறது. அதாவது ஆசைக்கு என்று குடிக்கும் அரை டம்ளர், இறங்கிய சர்க்கரையைத் தூக்கி நிறுத்தப் போதுமான முழு மருந்தளவு. சர்க்கரை ஏற்கெனவே 180, 200 என்று நிற்கிறவர் அந்த மருந்தளவைத் தேவையில்லாமல் எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் அந்த "கொஞ்சம்" என்ற சொல்லின் உண்மையான பொருள்.

சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். குளுக்கோமீட்டர் அளப்பது குளுக்கோஸை மட்டுமே. பிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய், மிகுந்தால் அங்கே கொழுப்பாக மாறுகிறது. இதனால்தான் குளிர்பானத்தின் கிளைசெமிக் குறியீடு, அதாவது ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண், வெள்ளை ரொட்டியைவிடக் குறைவாக, அறுபதை ஒட்டி நிற்கிறது. அந்த எண்ணைக் காட்டி "ரொட்டியைவிடப் பரவாயில்லை" என்று வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மீட்டரில் தெரியாத பாதி கல்லீரலில் கொழுப்பாகவும் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாகவும் சேர்ந்து, இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாத நிலையை மேலும் வளர்க்கிறது என்பதை அந்தக் குறியீடு சொல்வதில்லை.

நீண்டகாலப் பாதிப்பில் ஐயத்துக்கு இடம் குறைவு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆய்வு, நாள்தோறும் கூடுதலாகக் குடிக்கும் ஒவ்வொரு பரிமாறல் அளவு இனிப்புப் பானத்துக்கும் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுவதாகக் காட்டியது. உடற்பருமனின் பங்கைக் கழித்த பிறகும் 13 விழுக்காடு எஞ்சி நின்றது.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்தால் சிறுநீர் அதிகம் போகும், தாகம் அடங்காது. தனக்கு நீரிழிவு வந்திருப்பதே தெரியாத ஒருவர் அந்தத் தாகத்துக்குக் குளிர்பானத்தையே குடிக்கக் குடிக்கச் சர்க்கரை மேலும் ஏறும், தாகமும் கூடும். கடைசியில் இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப்பொருள் சேர்ந்து மயக்கத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் நிலை வரும். ஜப்பானில் இளைஞர்களிடம் இது அடிக்கடி காணப்பட்டதால் "பெட் பாட்டில் (பிளாஸ்டிக் பாட்டில்) நோய்க்குறி" என்றே அதற்குப் பெயரிட்டார்கள். வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் தாகம் தீரவில்லை என்றால், அதைத் தின்பண்டப் பழக்கம் என்று கடிந்துகொள்வதோடு நிறுத்தாமல் அன்றே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

## டயட் குளிர்பானம்

டயட், ஜீரோ, நோ சுகர் என்ற பெயர்களில் வருபவற்றில் சீனிக்குப் பதிலாக ஆஸ்பார்டேம், அசிசல்பேம் பொட்டாசியம், சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. ஆஸ்பார்டேம் சீனியைப் போல ஏறக்குறைய 200 மடங்கும், சுக்ரலோஸ் 600 மடங்கும் இனிப்பவை. ஆகவே ஒரு கேனுக்குச் சில நூறு மில்லிகிராமுக்குள்ளேயே வேலை முடிந்துவிடுகிறது. இவற்றில் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதற்கான மாவுச்சத்து இல்லை. தனியாக ஒரு டயட் கோலாவைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தால், குடிப்பதற்கு முன்பிருந்த எண்ணுக்கும் பின்பிருக்கும் எண்ணுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு பெரும்பாலும் இருக்காது. முதல் அளவுகோலில் டயட் வகைக்குக் கிடைக்கும் வெற்றி முழுமையானது.

இரண்டாவது அளவுகோலில்தான் செய்திகள் மக்களைக் குழப்புகின்றன. மேலே சொன்ன 2015 ஆய்விலேயே, செயற்கை இனிப்புப் பானம் குடிப்பவர்களுக்கும் நீரிழிவு வாய்ப்பு 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதாவது சீனிப் பானத்தைவிட அதிகம்! இதை மட்டும் படித்தவர் சாதாரணத்துக்கே திரும்பிவிடுவார். ஆனால் உடற்பருமனின் பங்கைக் கழித்ததும் அந்த 25 எட்டாகச் சுருங்கிவிட்டது. காரணம் எளியது. டயட் பானத்தைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எடை கூடியவர்கள், குடும்பத்தில் சர்க்கரை இருப்பதால் பயந்தவர்கள், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக மருத்துவர் எச்சரித்தவர்கள். குடை பிடித்திருப்பவர்கள் எல்லோரும் நனைந்திருப்பதைப் பார்த்து, குடைதான் மழையை வரவழைத்தது என்று சொல்லிவிட முடியாது. இந்த வகை ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த ஐயம் எப்போதும் நம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதற்காக எல்லா ஐயமும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இஸ்ரேலின் வெய்ஸ்மன் ஆய்வு நிறுவனத்தினர் நலமான 120 பேரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், சாக்கரினும் சுக்ரலோஸும் இரண்டு வாரத்திலேயே குடல் நுண்ணுயிர்களை மாற்றி, சிலரின் உடல் குளுக்கோஸைக் கையாளும் விதத்தையும் மாற்றின. குளுக்கோஸைக் கையாளும் விதத்தில் அந்த மாற்றம் ஆஸ்பார்டேமிடம் தென்படவில்லை. யேல் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று நம் உணவுப் பழக்கத்துக்கு இன்னும் நெருக்கமானது. சுக்ரலோஸைத் தனியாகக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மாவுச்சத்தோடு கலந்து குடித்தவர்களுக்கு இன்சுலினுக்கு உடல் கட்டுப்படும் தன்மை குறைந்தது. பிரியாணிக்குத் துணையாக டயட் பானம் குடிக்கும் வழக்கத்தை இதைப் படித்தபின் நான் விட்டுவிட்டேன். சிறிய ஆய்வுதான், முடிந்த முடிவல்ல. ஆனால் பிரியாணியோடு தண்ணீர் குடிப்பதால் எனக்கு இழப்பொன்றும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தச் செய்தி பரவிய வேகத்தில் ஒரு முக்கிய வரி விடுபட்டுப் போயிற்று: ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. புற்றுநோய் அச்சத்துக்கும் இதே கதைதான். 2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆஸ்பார்டேமைப் "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. சான்றுகள் குறைவாகவே உள்ளவை என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். அதே நாளில் உணவுச் சேர்பொருள்களுக்கான வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பில் மாற்றம் தேவையில்லை என்றது. ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் என்று கொண்டால், 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட நாளொன்றுக்கு ஒன்பது முதல் பதினான்கு கேனுக்கு மேல் குடிக்க வேண்டும்.

பிறவியிலேயே பினைல்கீட்டோனூரியா என்னும் அரிய குறைபாடு உள்ளவர்கள் மட்டும் ஆஸ்பார்டேம் சேர்ந்த எதையும் தொடக் கூடாது. கேனின் மேலேயே அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும்.

## இரண்டும் அருகருகே

| அளவுகோல் | சாதாரணம் | டயட் |
|---|---|---|
| 300 மில்லிலிட்டரில் சர்க்கரை | 30 கிராமுக்கு மேல் | இல்லை என்றே கொள்ளலாம் |
| இரண்டு மணி நேரத்துக்குள் விளைவு | வேகமாகவும் உயரமாகவும் ஏறும் | தனியாகக் குடித்தால் ஏறாது |
| நீண்டகால விளைவு | எடை, கல்லீரல் கொழுப்பு, நீரிழிவு வாய்ப்பு கூடும் | சான்றுகள் கலவையானவை. பயன் இருந்தாலும் சிறிது |
| சர்க்கரை இறங்கும்போது | 150 மில்லிலிட்டர் உதவும் | ஒரு சொட்டும் உதவாது |
| பல் | அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து கெடுக்கும் | அமிலம் மட்டும் கெடுக்கும் |
| கோலா வகையில் பாஸ்பரஸ், காபின் | உண்டு | உண்டு |

## சர்க்கரை இறங்கும் வேளை

பட்டியலின் நான்காவது வரியை நான் பேருந்தில் கற்றுக்கொண்டேன். என் சித்தப்பா நாளுக்கு இரண்டு வேளை இன்சுலின் போடுகிறவர். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தோம். காலையில் ஊசி போட்டுவிட்டார். வழியில் இறங்கிச் சாப்பிடலாம் என்ற கணக்கு, விழுப்புரத்துக்கு முன்னால் போக்குவரத்து நெரிசலில் சிக்கிக் குலைந்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு அவருக்கு வியர்த்தது. விரல்கள் நடுங்கின. நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பேருந்து ஊர்ந்து ஒரு சாலையோரக் கடைக்கு அருகில் வந்ததும் இறங்கி ஓடி, "சித்தப்பாவுக்குச் சுகர் இறங்கிடுச்சு தம்பி, சீக்கிரம் ஒரு கூல்டிரிங்ஸ் குடு" என்றேன். அந்தப் பையன் பெட்டிக்குள் தேடி ஒரு கேனை எடுத்துத் திறந்தே கொடுத்தான். சித்தப்பா முழுவதையும் குடித்தார். கால் மணி நேரம் கழித்தும் நடுக்கம் நிற்கவில்லை. கண் செருக ஆரம்பித்தது. அப்போதுதான் கையிலிருந்த கேனைத் திருப்பிப் பார்த்தேன். டயட். "சுகர்காரர்னு சொன்னீங்களேண்ணே, அதான் சுகர் இல்லாததா பார்த்து எடுத்தேன்" என்றான் பையன், முகம் வெளுத்துப்போய். அவனுடைய நல்ல மனத்தில் குறையில்லை. எடுத்ததும் படிக்காமல் கொடுத்த நான்தான் தவறினேன். பக்கத்து டீக்கடையில் மூன்று கரண்டிச் சீனியை வெந்நீரில் கரைத்துக் கொடுத்ததும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அவர் என்னை அடையாளம் கண்டு பேசினார்.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்று இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்த ஆபத்தின் எல்லைக்குள் இருக்கிறார்கள். அளவு 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் பொறுத்து, மறுபடி சோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம் என்பதுதான் முறை. ஏறியபின் பிஸ்கட்டோ இட்லியோ ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் போய்விடும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாதாரணக் கோலா இந்த வேலையைச் செய்யும் என்றாலும், இதற்கு அதைவிட மேலானது மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி; மூன்று தேக்கரண்டி போதும். கை நடுங்கும் வேளையில் வாயு நிறைந்த பானத்தை வேகமாக விழுங்க முடியாது என்பது ஒரு காரணம். வோக்லிபோஸ், அகார்போஸ் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களின் குடலில் சீனி உடைவது தாமதப்படும். அவர்களுக்கு நேரடிக் குளுக்கோஸ்தான் கைகொடுக்கும் என்பது இன்னொரு காரணம்.

மெட்பார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அரிது. "எப்போது வேண்டுமானாலும் இறங்கும், அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்" என்று அவர்கள் வீட்டில் பாட்டில் அடுக்கத் தேவையில்லை.

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

டயட் பானத்தின் பெரிய மறைமுகச் செலவு அதனுடன் வரும் தட்டில் இருக்கிறது. பானத்தில் சர்க்கரை இல்லை என்ற நிம்மதியில் ஒரு பரோட்டாவோ, ஒரு பிளேட் பஜ்ஜியோ கூடிவிடுகிறது. அன்று இரவு மீட்டரில் எண் ஏறியிருந்தால் பழி டயட்டின் மேல் விழுகிறது. இன்னொரு செலவு நாக்கின் பழக்கம். சீனியைவிடப் பலமடங்கு இனிக்கும் பானத்துக்கு நாள்தோறும் பழகிய நாக்குக்குக் கொய்யாவும் மோரும் சப்பென்று படுகின்றன. நீரிழிவோடு பல பத்தாண்டுகள் வாழப்போகிறவருக்கு இனிப்பின் மேலுள்ள பிடி மெல்ல மெல்லத் தளர்வதுதான் உண்மையான நிம்மதி. டயட் பானம் அந்தப் பிடியைத் தளர்த்துவதில்லை.

ஈரானில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள பருமனான பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு இதற்குப் பொருத்தமானது. எடை குறைப்புத் திட்டத்தில் இருந்த அவர்களில் ஒரு பிரிவினர் மதிய உணவுக்குப் பின் டயட் பானமும், மற்றவர்கள் தண்ணீரும் குடித்தார்கள். 24 வாரத்தில் இரு பிரிவினருக்கும் எடை குறைந்தது. தண்ணீர் குடித்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. டயட் வகையை ஒப்பிட வேண்டிய இடம் சீனிப் பானத்தின் பக்கம் மட்டுமல்ல, தண்ணீரின் பக்கமும்தான் என்பதை அது எனக்கு உணர்த்தியது.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, கோலாவில் உள்ள பாஸ்பாரிக் அமிலத்தால் சாதாரணம், டயட் இரண்டுமே கெடுதல். நீரிழிவுக்காரர்களில் பலருக்கு நாளடைவில் சிறுநீரகம் தளரும் என்பதால், சிறுநீரகத்தின் தளர்ச்சியைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியதாக மருத்துவர் சொன்ன நாளிலிருந்து கோலா வகை முழுவதையும் விட்டுவிடுவதே நல்லது. காபின் இருப்பதால் மாலைக்குப் பின் குடித்தால் தூக்கமும் கெடலாம். வெறும் வயிற்றுச் சோதனைக்குப் போகும் காலையில் "இதில் சர்க்கரை இல்லையே" என்று டயட் குடித்துவிட்டுப் போகக் கூடாது. அன்று தண்ணீர் மட்டுமே.

## இடையில் நிற்கும் ஏமாற்றங்கள்

குளிர்பானம் வேண்டாம் என்று பாட்டிலில் அடைத்த மாம்பழப் பானத்துக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் அதே அளவு, சில வேளை அதைவிடக் கூடுதல் சர்க்கரையைக் குடிக்கிறார்கள். பன்னீர் சோடா, கோலி சோடாவில் வரும் கலர் வகைகள், நம் ஊர்ப் பவண்டோ எல்லாம் சீனிப் பானங்களே. உள்ளூர்ப் பொருள் என்ற பாசம் மீட்டருக்குத் தெரியாது. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்ற வாசகம் பழத்திலேயே உள்ள சர்க்கரையைக் கணக்கில் எடுப்பதில்லை. பின்பக்கச் சிற்றெழுத்தில் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் என்ற ஒரே வரிதான் நம்பத் தகுந்தது.

இலங்கையில் 2016 முதல் பாட்டில்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறிகள் உண்டு. 100 மில்லிலிட்டரில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். பச்சையை நம்பலாம். மஞ்சளுக்குள் பத்தரை கிராம் சர்க்கரையுள்ள பானமும் அடங்கிவிடும் என்பதை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள வாசகர்கள் மறக்கக் கூடாது. பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு: 2018இல் சர்க்கரை வரி வந்ததை ஒட்டி அங்கே பல பானங்களில் சர்க்கரை பாதிக்கும் கீழே குறைக்கப்பட்டுவிட்டது. அன்றாடத்துக்கு அது நல்லது. சர்க்கரை இறங்கும்போது பழைய அளவையே நம்பிக் குடித்தால் போதாது.

## எவருக்கு எது

நாள்தோறும் ஒரு பாட்டில் சீனிப் பானம் குடித்துப் பழகி, விட முடியாமல் தவிக்கிற நீரிழிவுக்காரருக்கு டயட் வகை தெளிவாக மேலானது. நாளைக்கே மாறலாம், ஒரு வாரத்திலேயே மீட்டரில் வேறுபாடு தெரியும். அங்கிருந்து தண்ணீருக்கும் மோருக்கும் இறங்கிவர அதை ஒரு படியாகக் கொள்ள வேண்டும், வீடாக அல்ல. மாதத்துக்கு ஒரு முறை கல்யாணத்திலோ திரையரங்கிலோ குடிக்கிறவருக்கும் டயட்டே சரி. ஆனால் இயந்திரத்தில் பிடித்துத் தரும் இடங்களில் குழாய் மாறிவிட வாய்ப்புண்டு, மூடிய கேனாகக் கேட்டு வாங்குவது நல்லது.

இன்சுலின் போடுகிறவரின் பையில் குளுக்கோஸ் பொடி இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் மட்டும் சாதாரணக் குளிர்பானம் மேலானது. அதற்கு வெளியே நீரிழிவுள்ளவருக்குச் சாதாரணக் குளிர்பானம் பொருந்துகிற சூழல் ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை.

சர்க்கரை இல்லாத, குளிர்பானப் பழக்கமும் இல்லாத ஒருவர் உடலுக்கு நல்லது என்று எண்ணி டயட் வகையைத் தொடங்குவதற்குக் காரணமே இல்லை. குழந்தைகளுக்கு இரண்டும் வேண்டாம். கர்ப்பகால நீரிழிவு உள்ள பெண்கள் சாதாரணத்தை அறவே தவிர்த்து, இனிப்பூட்டி எதுவானாலும் தங்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடவேண்டும். வெயிலில் வேலை செய்து வருகிறவரின் தாகத்துக்கு உப்புப் போட்ட நீர்மோர், சீனி போடாத எலுமிச்சைச் சாறு இரண்டும் டயட் பானத்தைவிட மலிவு. இளநீரில் சர்க்கரை உண்டு என்றாலும் கோலாவில் பாதிக்கும் குறைவு. ஒன்றோடு நிறுத்தினால், சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குப் பெரிய தொல்லை இல்லை.

எதைத் தேர்ந்தாலும், ஒரு முறையாவது உங்கள் உடலில் அது செய்வதை நீங்களே அளந்து பாருங்கள். குடிப்பதற்கு முன் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. அந்த இடைவெளியில் வேறெதுவும் சாப்பிடக் கூடாது. விரலைக் குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் கழுத்தில் வழிந்து விரல் நுனியில் காய்ந்துபோன சர்க்கரை அந்த ஒரு துளி இரத்தத்தில் கலந்தாலே போதும், மீட்டர் உண்மையில் இல்லாத எண்ணைக் காட்டிவிடும்.